அயனிச் சேர்மத்துக்கு வாய்பாடு எழுத எந்த வழி: குறுக்கே மாற்றுவதா, கணக்கை நேராக்குவதா?

போன மாதம் எங்கள் தெருவில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, மகனுடைய அறிவியல் நோட்டோடு வீட்டுக்கு வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு. பத்துச் சேர்மங்களுக்கு வாய்பாடு எழுதச் சொன்ன பரீட்சையில் ஆறு தப்பு. "டீச்சர், பள்ளிக்கூடத்துல ஒரு மாதிரி சொல்லுதாவ, டியூசன்ல வேற மாதிரி சொல்லுதாவ. இவன் அக்கா காலேஜ்ல படிக்கா, அவ என்னமோ புள்ளி புள்ளியா வரைஞ்சு காட்டுதா. இவனுக்கு எதுவும் ஓடலை. நீங்க ஒண்ணைச் சொல்லுங்க, அதையே பிடிச்சிக்கிடட்டும்" என்றார்.

நியாயமான கேள்வி. பாளையங்கோட்டையில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி 16 வருஷம் ஆகிறது. இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் நான் வழியை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். அதனால் அண்ணாச்சியிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். குறியீடுகளை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கிற மாதிரியே எழுதுவேன். சாதாரண உப்பு என்றால் என்ஏ சிஎல். எம்ஜி-2 என்று எழுதினால் எம்ஜி இரண்டு என்று அர்த்தம், நடுவில் உள்ள கோடு கழித்தல் குறி இல்லை. அயனி என்றால் மின்சுமை ஏறிய அணு அல்லது அணுக்கூட்டம்; எதிரெதிர்ச் சுமையுள்ள அயனிகள் சேர்ந்ததுதான் அயனிச் சேர்மம்.

முதலில் அந்த நோட்டைப் பார்த்தேன். மக்னீசியம் ஆக்சைடுக்கு எம்ஜி-2 ஓ-2 என்று இருந்தது. கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு அடைப்புக்குறியே இல்லாமல் சிஏ ஓஹெச்-2. அமோனியம் சல்பேட்டில் அமோனியம் ஒன்று, சல்பேட் ஒன்று. பையனுக்குப் புத்தி குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. எண்களை எங்கே தூக்கி வைக்கவேண்டும் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எதற்காக வைக்கிறோம் என்பது சொல்லப்படவில்லை.

மனப்பாடத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகம் இல்லை. வாய்பாடுகளை அப்படியே உருப்போடச் சொல்லும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நேர்மின் அயனிகளில் சோடியம், பொட்டாசியம், அமோனியம், வெள்ளி ஆகியவற்றுக்கு +1, மக்னீசியம், கால்சியம், துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றுக்கு +2, அலுமினியத்துக்கு +3, இரும்பு மட்டும் +2 என்றும் +3 என்றும் இரண்டு வேஷத்தில் வரும். மொத்தம் 11. எதிர்மின் அயனிகளில் குளோரைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட், பைகார்பனேட் நான்கும் −1, ஆக்சைடு, சல்பைடு, கார்பனேட், சல்பேட் நான்கும் −2, பாஸ்பேட் −3. மொத்தம் 9. இந்த 20 அயனிகளையும் அவற்றின் மின்சுமையையும் தெரிந்துகொண்டால் 99 ஜோடிகளுக்கு வாய்பாடு எழுதலாம். அவற்றில் சில நிஜத்தில் நிலைத்து நிற்காத சேர்மங்கள்தான், இருந்தாலும் எழுதும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. இருபதைப் படிப்பதா, தொண்ணூற்றொன்பதைப் படிப்பதா? அயனிகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. வாய்பாடுகளை மனப்பாடம் செய்யவேண்டாம்.

அடுத்தது அக்கா காட்டிய புள்ளிப் படம். சோடியத்துக்கு எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. குளோரினுக்கு 2, 8, 7. கடைசிக் கூட்டில் இருக்கும் ஒன்றைச் சோடியம் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. சோடியத்துக்கு ஏன் +1 என்று பிள்ளைக்கு விளங்கவேண்டுமென்றால் இந்தப் படத்தை ஒரு தடவையாவது வரையவேண்டும். நான் வரையச் சொல்கிறேன். மூன்று சேர்மங்களுக்கு, ஒரே ஒரு நாள். அதற்கு மேல் இந்த வழி ஓடாது. சல்பேட்டுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எப்படிப் புள்ளி வைக்கும்? இரும்புக்கு +2 உண்டு, +3 உண்டு என்பதை இந்தப் படத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கும்? காரணம் சொல்ல நல்ல படம். தினமும் வாய்பாடு எழுதும் வேலைக்கு ஆகாது.

மிஞ்சுவது இரண்டு. பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது குறுக்கே மாற்றும் முறை. இரண்டு அயனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது, தலைமேல் மின்சுமையைப் போடு, குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறுக்காக இறக்கு. அலுமினியத்தின் 3 ஆக்சிஜனுக்குப் போகும், ஆக்சிஜனின் 2 அலுமினியத்துக்கு வரும். ஏஎல்-2 ஓ-3. பத்து வினாடி வேலை. இதைத் தப்பான முறை என்று நான் சொல்லமாட்டேன். இது ஏன் சரியாக வருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. இரண்டு அலுமினியம், தலைக்கு +3, ஆக +6. மூன்று ஆக்சிஜன், தலைக்கு −2, ஆக −6. மூவிரண்டும் ஆறுதான், இருமூன்றும் ஆறுதான். எண்களைக் குறுக்கே மாற்றினால் இரண்டு பக்கமும் எப்போதும் சமமாகிவிடும்.

சமமாகும், ஆனால் மிகச்சிறிய எண்ணில் சமமாகும் என்று உறுதியில்லை. அண்ணாச்சி மகன் மாட்டியது அங்கேதான். மக்னீசியம் +2, ஆக்சிஜன் −2. இரண்டையும் மாற்றினான், எம்ஜி-2 ஓ-2 வந்தது. சுருக்க மறந்துவிட்டான். ஏன் சுருக்கவேண்டும் என்று கேட்டேன், தெரியவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது யாருமே அவனுக்குச் சொல்லாத விஷயம்.

தூத்துக்குடிப் பக்கம் போகும்போது உப்பளத்தில் ஒரு கல்லுப்பை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். சதுரம் சதுரமாக, பகடைக்காய் மாதிரி இருக்கும். உள்ளே சோடியமும் குளோரைடும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இதில் எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரைடு ஜோடி? ஜோடி என்று எதுவும் இல்லை. தனித்த மூலக்கூறே அங்கு கிடையாது. அப்படியானால் என்ஏ சிஎல் என்று எழுதுவது எதைக் குறிக்கிறது? மொத்தக் கல்லிலும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை. விகிதம் என்றால் 2-க்கு 2 என்று எழுதுவதில்லை, 1-க்கு 1 என்றுதான் எழுதுவோம். இதைக் கேட்ட பிறகு சுருக்குவது ஒரு விதியாகத் தெரியாது, இயல்பாகத் தெரியும். குறுக்கே மாற்றும் முறையில் இந்தப் பேச்சுக்கு இடமே வருவதில்லை, அதுதான் அதன் முதல் குறை.

இரண்டாவது குறை அடைப்புக்குறி. எண்ணை இறக்கி வைப்பதிலேயே கண் இருக்கும்போது, ஓஹெச் என்பது ஒரே ஆள் என்ற நினைப்பு போய்விடுகிறது. சிஏ ஓஹெச்-2 என்று எழுதினால் ஹைட்ரஜன் மட்டும் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று என்றாகிவிடும். ஓஹெச் முழுவதையும் அடைப்புக்குள் போட்டு வெளியே 2. வகுப்பில் 'ஹோல் டுவைஸ்' என்று படிப்போமே, அது.

மூன்றாவது குறையை நான் பல வருஷம் கவனிக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் கலங்கி வரும் நாட்களில் குடத்தில் படிகாரத்தைச் சுற்றுவோம் இல்லையா? தாமிரபரணியில் மழைத்தண்ணீர் இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஆச்சி தினமும் சுற்றுவாள். அந்தப் படிகாரத்தில் பொட்டாசியம், அலுமினியம், சல்பேட் என்று மூன்று அயனிகள். இப்போது எதை எதற்குக் குறுக்கே மாற்றுவது? அந்த முறைக்கு இரண்டே கைதான் உண்டு, மூன்றாவது ஆள் வந்தால் நின்றுவிடும்.

இனி நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் முறை. உரக்கடைக்காரருக்கு இதை விளக்க எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. வரவு, பற்று. நேர்மின் சுமை எல்லாம் ஒரு பக்கம், எதிர்மின் சுமை எல்லாம் மறுபக்கம். கூட்டினால் சுழி வரவேண்டும். வரவில்லையென்றால் எந்தப் பக்கம் குறைகிறதோ அங்கே இன்னொரு அயனியைச் சேர். அவ்வளவுதான். "கணக்கு நேராகுத வரைக்கும் சேர்த்துக்கிட்டே போணும், அப்படித்தான?" என்றார் அண்ணாச்சி. ஆமாம், அப்படியேதான்.

கால்சியம் பாஸ்பேட்டை எடுத்துக்கொள்வோம். கால்சியம் +2, பாஸ்பேட் −3. ஒன்றுக்கு ஒன்று வைத்தால் −1 நிற்கிறது. இன்னொரு கால்சியம் சேர்த்தால் +4, −3. இப்போது +1 நிற்கிறது. இன்னொரு பாஸ்பேட்: +4, −6. இன்னொரு கால்சியம்: +6, −6. சரி, முடிந்தது. கால்சியம் 3, பாஸ்பேட் 2. இப்படி ஏழெட்டுச் சேர்மங்கள் போட்ட பிறகு, 2-க்கும் 3-க்கும் மீச்சிறு பொது மடங்கு 6 என்று பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துவிடுகிறார்கள். நான் அந்தப் பேரைச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

மெதுவாகப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இதையே அட்டையில் செய்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகள் வீட்டுக்கு வீடு கட்டுக்கட்டாகக் கிடக்கும், நல்ல கெட்டி அட்டை. +1 அயனிக்கு இரண்டு விரல் அகலம், +2-க்கு நான்கு விரல், +3-க்கு ஆறு விரல். நேர்மின்னுக்குச் சிவப்பு மையில், எதிர்மின்னுக்கு நீல மையில் பேர் எழுதவேண்டும். மேலே சிவப்பு வரிசை, கீழே நீல வரிசை, இரண்டின் நீளமும் ஒன்றாகும் வரை அடுக்கு. இந்த அட்டையில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், அடைப்புக்குறிச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடுகிறது. ஓஹெச் ஒரே அட்டை. பாதியாகக் கிழிக்க முடியாது. கால்சியத்துக்குக் கீழே இரண்டு ஓஹெச் அட்டை கிடக்கும்போது, ஹைட்ரஜனை மட்டும் இரண்டாக்க எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது. மக்னீசியத்துக்குக் கீழே ஒரே ஒரு ஆக்சைடு அட்டை வைத்ததும் நீளம் சரியாகிவிடும்; எம்ஜி-2 ஓ-2 என்ற தப்புக்கு வழியே இல்லை.

இந்த முறைக்குக் குறை இல்லையா? உண்டு. நேரம். அட்டை வெட்டி, அடுக்கி, எழுதிப் பழக ஒரு வாரம் போகும். பரீட்சை ஹாலில் அட்டை கொண்டுபோக முடியாது. சுழி வரும்வரை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது குறுக்கே மாற்றுவதைவிட மெதுவானது, அதுவும் உண்மை.

ஆனால் அந்த ஒரு வாரத்தில் நம் ஊரையே பாடமாக்கிவிடலாம், அதை நான் விடமாட்டேன். கால்சியத்தை மட்டும் எடுங்கள். தாழையூத்தில் 1949-இலிருந்து சிமெண்ட் ஆலை ஓடுகிறது, காரணம் அங்கே பூமிக்கடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல். அது கால்சியம் கார்பனேட்: +2, −2, ஒன்றுக்கு ஒன்று. சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு மிஞ்சும்: மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. அதில் தண்ணீர் ஊற்றினால் புகைந்து கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது, கால்சியம் ஹைட்ராக்சைடு: இங்கேதான் ஒன்றுக்கு இரண்டு. சிமெண்ட் சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்க அரைக்கும்போது சேர்க்கும் ஜிப்சம், கால்சியம் சல்பேட். கால்சியத்தின் +2 எங்கும் மாறவில்லை. எதிரே நிற்கும் ஆளைப் பொறுத்து எண்ணிக்கைதான் மாறுகிறது. ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஆலை வரைக்கும் ஒரே அயனி என்று சொன்னால் பிள்ளைகள் கண்ணைப் பார்க்கவேண்டும்!

உப்பளத்திலும் அப்படித்தான். பாத்தியில் உப்புநீர் காயக் காய முதலில் கார்பனேட்டும் பிறகு ஜிப்சமும் படியும். சுமார் 25 டிகிரி போமே (உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் அலகு) அடர்த்தியில் உப்பு இறங்கும். உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கும். சோடியத்துக்கு ஒரு குளோரைடு போதும், மக்னீசியத்துக்கு இரண்டு வேண்டும். இந்த மக்னீசியம் குளோரைடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு ஜாடி நீர் விடுவது பெரிதும் இதனால்தான்.

இரும்புக்கு நான் சொல்வது தேரி. சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் போனவர்களுக்கு அந்தச் சிவப்பு மணல் தெரியும். மணல்மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்த நிறம். இரும்பு இங்கே +3, ஆக்சிஜன் −2. இரும்பு 2, ஆக்சிஜன் 3. கேள்வித்தாளில் 'இரும்பு ஆக்சைடு' என்று மட்டும் இருந்தால் எந்த இரும்பு என்று கேட்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு. அதனால்தான் பேருக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணில் இரண்டு அல்லது மூன்று என்று போடுகிறார்கள். அந்த எண் அணுக்களின் எண்ணிக்கை இல்லை, ஒரு இரும்பின் மின்சுமை. இதைக் குழப்பிக்கொள்ளும் பிள்ளைகள் ரொம்பப் பேர்.

ஒரு எண் மாறினால் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. பாளையங்கோட்டையில் 1964-இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த மருத்துவத்தில் பூரம், வீரம் என்று இரண்டு பாஷாணங்கள். இரண்டிலும் இருப்பது பாதரசமும் குளோரினும்தான். வீரத்தில் பாதரசம் +2, அதற்கு இரண்டு குளோரைடு. பூரத்தில் இரண்டு பாதரச அணுக்கள் கைகோத்துக்கொண்டு ஒரே அயனியாக நின்று, இரண்டுக்கும் சேர்த்து +2. அதற்கும் இரண்டு குளோரைடு. ஆகவே பூரத்தின் வாய்பாடு ஹெச்ஜி-2 சிஎல்-2. இரண்டும் நஞ்சுதான், ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும் வீரம் பல மடங்கு கொடியது. 'கடைசியில் சுருக்கு' என்று கண்ணை மூடிக்கொண்டு பழகிய பிள்ளை பூரத்தையும் ஹெச்ஜி சிஎல் என்று வெட்டிவிடும். ஓஹெச் போல அந்தப் பாதரச ஜோடியும் ஒரே அட்டை என்று பழகிய பிள்ளை வெட்டாது. சோடியம் பெராக்சைடிலும் இதே கதை: இரண்டு ஆக்சிஜன் சேர்ந்து ஒரே −2 அயனி.

சரி, அப்படியானால் எதை எடுப்பது? எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லமாட்டேன். பரீட்சைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, பிள்ளைக்குக் குறுக்கே மாற்றுவது கையோடு வந்துவிட்டது என்றால் அதில் கைவைக்காதீர்கள். புதிதாக ஒன்றைத் திணித்தால் இருப்பதும் போய்விடும். எழுதி முடித்ததும் இரண்டு பக்கத்து மின்சுமையையும் கூட்டிப் பார்க்கவும், இரண்டு எண்ணும் ஒரே எண்ணால் வகுபடுமா என்று பார்க்கவும் மட்டும் பழக்குங்கள். பாதித் தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

வருஷம் முன்னால் கிடக்கிறதென்றால், முதல் நாள் புள்ளிப் படம், அடுத்த ஒரு வாரம் அட்டை, அப்புறம் அட்டை இல்லாமல் வரவு பற்று எழுதிச் சுழியாக்குவது. குறுக்கே மாற்றுவதைக் கடைசியாக, வேகத்துக்காகக் காட்டுங்கள். அப்போது பிள்ளைக்கு அது எதனால் சரியாக வருகிறதென்று தானாகவே தெரிந்துவிடும், எங்கே சரியாக வராதென்றும் தெரியும். இந்த வரிசையைத் திருப்பிப்போட்டு முதலில் குறுக்கே மாற்றச் சொல்லிக்கொடுத்தவள் நான். எட்டு வருஷம் அப்படிச் செய்தேன். வேகமான வழி கைக்கு வந்துவிட்ட பிள்ளை காரணத்தைக் கேட்க உட்காருவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு காலம் ஆயிற்று.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்தக் கணக்கு அயனிச் சேர்மத்துக்கு மட்டும்தான். அண்ணாச்சி கடையிலேயே அதற்குச் சாட்சி உண்டு. பொட்டாஷ் என்று விற்பது பொட்டாசியம் குளோரைடு, அயனிச் சேர்மம். பக்கத்து மூட்டை யூரியா. அதில் அயனி கிடையாது, எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்ட மூலக்கூறு. அதற்கு வரவு பற்று எழுதினால் எதுவும் தேறாது. எது அயனிச் சேர்மம் என்று தெரிந்த பிறகுதான் அட்டையை எடுக்கவேண்டும்.

அண்ணாச்சி மகனுக்கு நான் முதலில் கொடுத்த வேலையும் கடையிலேயே. அமோனியம் சல்பேட் மூட்டையில் நைட்ரஜன் எத்தனை சதவீதம் என்று பார்த்து வரச் சொன்னேன். 20-க்கும் 21-க்கும் நடுவில் ஒரு எண்ணோடு வந்தான். பரீட்சையில் அவன் எழுதிய வாய்பாட்டை வைத்துக் கணக்குப் போட வைத்தேன். அணு எடைகளைக் கூட்டினால் அமோனியம் 18, சல்பேட் 96, ஆக 114. அதில் நைட்ரஜன் 14. பன்னிரண்டு சதவீதம்தான் வந்தது. "மூட்டையில தப்பாப் போட்டிருக்காவளா டீச்சர்?" என்று கேட்டான். அட்டையை எடுத்து அடுக்கச் சொன்னேன். சல்பேட்டின் நான்கு விரலுக்கு மேலே அமோனியத்தின் இரண்டு விரல் அட்டை ஒன்று, இன்னொன்று. இப்போது மொத்தம் 132, நைட்ரஜன் 28. இருபத்தொன்றை ஒட்டி வந்தது. கலப்பில்லாத உப்புக்கு வரும் கணக்கு அது, மூட்டையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் போட்டிருப்பார்கள் என்றேன்.

போன வாரம் படிகாரம் எழுதினான். மேலே பொட்டாசியம், அலுமினியம், ஒன்றும் மூன்றும் நான்கு. கீழே சல்பேட் அட்டை இரண்டு. வரிசை சரியாக முட்டியது. எழுதிவிட்டு, "புஸ்தகத்துல பக்கத்துலயே பன்னிரண்டு தண்ணி போட்டிருக்கே, அதுக்கு எங்க அட்டை?" என்றான். தண்ணீருக்கு மின்சுமை எவ்வளவு என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அட்டை எதுவும் எடுக்காமல், வாய்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து 12 ஹெச்-2 ஓ என்று எழுதிக்கொண்டான்.